கிழக்குக் காற்றுக்குக் காத்திருந்த கிதார்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கணக்கு வாத்தியார். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் 30 வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். கிதாரைப் பற்றிப் பேச இந்த ஆளை ஏன் கூப்பிட்டார்கள் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கைப் போட்டு ஒரு கிதார் செய்யக் கொடுத்தேன். கடையில் தொங்குகிறதை வாங்கவில்லை. மரம் பார்ப்பதிலிருந்து தொடங்கி, எனக்கென்று ஒன்று. 17 மாதம் ஆனது. அந்த 17 மாதமும் அநேகமாக வாரத்தில் ஒரு நாளாவது பட்டறைத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவேன். "நீங்க அங்க போகாம இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, பிறகு சொல்கிறேன்.

செய்தவர் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன். பையன் என்கிறேனே தவிர, நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. அப்பா ஆசாரி, கட்டில், கதவு, ஜன்னல் வேலை. இவர் வெளியூரில் ஒரு கிதார் பட்டறையில் சில வருஷம் இருந்து பழகிவிட்டு ஊர் திரும்பி, அப்பாவின் கொட்டகையிலேயே ஒரு மூலையைத் தடுத்துக்கொண்டார். வருஷத்துக்கு நாலு கிதார், மிஞ்சினால் ஐந்து.

நான் போய்க் கேட்டது ஆனி மாதம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு பெய்கிறது. "எப்ப தொடங்கலாம் தம்பி?" என்றேன். "மரத்த இப்பவே பாத்துடலாம் சார். பெட்டி ஒட்டுறது தை மாசந்தான்" என்றார். ஏழு மாதம்! என் முகம் போன போக்கைப் பார்த்துச் சுவரைக் காட்டினார். காற்றின் ஈரப்பதம் காட்டும் வட்டமான கருவி ஒன்று தொங்கியது. முள் 85-ஐத் தாண்டி நின்றது. அது 45-க்குப் பக்கத்தில் இறங்கினால்தான் பசையை எடுப்பாராம்.

அன்றைக்கு இது எனக்குச் சாக்குப்போக்காகத்தான் பட்டது. கேட்டுக்கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். மரத்தை வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் அது காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், திரும்பக் கக்கும். குடித்தால் வரிக்குக் குறுக்காக உப்பும்; நீளவாக்கில் அநேகமாக அசையாது. கிதாரின் மேல்பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. அதன் அடியில், வரிக்குக் குறுக்காகவும் சாய்வாகவும் மரச்சட்டங்களை ஒட்டுகிறார்கள். மழைக்காலத்தில், பலகை உப்பியிருக்கும்போது ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? காய்ந்த மாதத்தில் பலகை சுருங்கப் பார்க்கும். சட்டம் நீளவாக்கில் சுருங்காது, பலகையையும் விடாது. இழுபறியில் பலகை வெடிக்கும். காய்ந்த காலத்தில் ஒட்டினதோ மழையில் கொஞ்சம் தொப்பை போடும், அவ்வளவுதான்.

சரி, கேரளத்தில் எங்கே காய்ந்த காற்று என்று கேட்கலாம். அங்கேதான் எங்கள் ஊர் வருகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலை விட்டுக்கொடுத்த வழி பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கிலோமீட்டர் அகலம். மார்கழி பிறந்தால் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து கிழக்குக் காற்று அதன் வழியே புகுந்துவிடும். உதடு வெடிக்கும், ஆடியில் இறுகிப் பிடித்த கதவு தானாகத் திறக்கும், பனைமட்டை ராத்திரியெல்லாம் சடசடக்கும். நாங்கள் திட்டுகிற காற்று அது. என் பழைய மாணவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றும் வைத்திருக்கிறார். ஆனால் மின்சாரத்தை நம்பிப் பலகையை ஒட்ட அவருக்கு மனசு வருவதில்லை.

மரத்துக்கு வருகிறேன். மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ். வடஅமெரிக்காவின் மேற்குக் கரையில், குளிரில் மெதுவாக வளர்கிற மரம். வரிகள் நெருக்கமாக, நேராக, சீப்பின் பல் மாதிரி இருக்கும். எடை குறைவு, விறைப்பு அதிகம். ஒரே துண்டை நடுவில் பிளந்து, புத்தகத்தை விரிக்கிற மாதிரி விரித்து ஒட்டுவார்கள். அந்த இரண்டு விளிம்பையும் இழைப்புளியால் சீவிச் சேர்த்து விளக்குக்கு நேரே பிடிப்பார். ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி சீவல். ஒரு சாயங்காலம் முழுக்க இதையே செய்தார். எனக்கு அலுத்தது, அவருக்கு அலுக்கவில்லை.

முதுகுக்கும் பக்கத்துக்கும் நான் பலா கேட்டேன். எனக்கு ஒரு ஆசை. பக்கத்தில் பெருவெம்பு இருக்கிறது. பலா மரத்தில் மிருதங்கம், செண்டை, மத்தளம் செய்கிற குடும்பங்கள் இருக்கிற ஊர். பாலக்காடு மணி ஐயர் வாசித்த மண்ணில் கிதாரும் பலாவில் இருந்தால் என்ன? என் மாணவர் யோசித்தார். "பலாவ நான் ரெண்டு மில்லிமீட்டருக்குச் சீவி வளைச்சதில்ல சார். உங்க காசுல கத்துக்கணுமா?" என்றார். அந்த நேர்மைக்காகவே ஈட்டிக்குச் சம்மதித்தேன்.

ஈட்டி, தமிழ்நாட்டில் தோதகத்தி என்றும் சொல்வது, நம் மலைகளின் மரம். உலகத்துக் கிதார்க்காரர்கள் ஒரு காலத்தில் பிரேசில் நாட்டு ஈட்டியைத்தான் கொண்டாடினார்கள். அது கிடைப்பது அரிதான பிறகு, 1969-இல் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி நம் ஈட்டிக்கு மாறியது. 1992-இல் பிரேசில் மரத்தின் வியாபாரத்துக்கே சர்வதேசத் தடை வந்துவிட்டது. நம் மரத்துக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. தமிழ்நாட்டில் 1994-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டு, சொந்த நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்று வைத்தார்கள். ஆகவே என் கிதாரின் முதுகுக்கு ஒரு ரசீது இருக்கிறது. அதை என் ஓய்வூதிய ஆர்டரோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

மரத்தை வளைக்கிற நாளில் பட்டறையில் இருந்தவர்கள் பாக்கியசாலிகள். இரும்புக் குழாயைச் சூடேற்றி, இரண்டு மில்லிமீட்டர் பலகையைத் தண்ணீரில் நனைத்து, குழாய்மேல் வைத்து மெல்ல அழுத்துவார். தண்ணீர் சீறும், ஒரு நொடி மரம் முறைக்கும், அப்புறம் சட்டென்று கை சொன்னபடி கேட்கும். அந்த நொடியை அவர் கண்ணால் பார்ப்பதில்லை, விரலில் தெரியுமாம். கொட்டகை முழுக்க இனிப்பாக ஒரு வாசனை. தெருவில் போனவர் எட்டிப் பார்த்து, "எந்தா மாஷே, பாயசமா?" என்று கேட்டார்.

தை பிறந்தது. முள் 46-க்கு வந்தது. மேல்பலகைக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு நீளச் சட்டங்கள், சுற்றிலும் சிறியவை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வேரூன்றிய அமைப்பு இது. அதே நூற்றாண்டில் ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸ் என்பவர் விசிறி மாதிரி சட்டம் வைத்தார். மேல்பலகைதான் சத்தத்துக்குப் பொறுப்பு என்று காட்ட 1862-இல் முதுகையும் பக்கத்தையும் காகித அட்டையிலேயே செய்து ஒரு கிதார் பண்ணினவர் அவர். இதைக் கேட்டதும், "அப்ப ஈட்டிக்கு நான் கொடுத்த பணம்?" என்றேன். சிரித்தாரே ஒழியப் பதில் சொல்லவில்லை.

சட்டங்களை ஒட்டின பிறகுதான் உண்மையான வேலை. பலகையை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, மறுகை விரலால் தட்டுவார். கேட்பார். உளியால் சட்டத்தில் ஒரு சீவல் எடுப்பார். மறுபடி தட்டுவார். பெருவெம்பிலிருந்து ஒரு பெரியவர், காலமெல்லாம் மிருதங்கம் மூட்டியவர், அன்று வந்திருந்தார். அவரும் வாங்கித் தட்டினார். "சுருதி எது?" என்றார். "சுருதி இல்லீங்க ஐயா. எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாக்கறேன்" என்றார் இவர். பெரியவர் இன்னொரு தரம் தட்டிவிட்டுச் சொன்னார்: "எங்களுக்கு இடது பக்கத் தொப்பியில் பூசுகிற ரவை கூடினால் சுரண்டலாம், குறைந்தால் அப்பலாம். நீ சீவினது சீவினதுதானே, பயமாயில்லையா?" பயமாகத்தான் இருக்கிறது என்றார் இவர். கனம் கூடினால் பலகை ஊமை; ரொம்பச் சீவினால் சில வருஷத்தில் கம்பி இழுத்துக் குழி விழும். ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து இழுப்பது 70 கிலோவுக்கு மேல். ஒரு ஆள் ராப்பகலாக அதில் தொங்கிக்கொண்டிருக்கிற மாதிரி. இந்த இழுப்புக்காகத்தான் கிதாரின் கழுத்துக்குள்ளும் ஒரு இரும்புக் கம்பியைப் புதைத்துத் திருகு வைக்கிறார்கள்.

கழுத்து மகாகனி, விரல்பலகை கருங்காலி. இங்கேதான் என் பாடம் வருகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். விரல்பலகையில் பித்தளை நிறமில்லாத வெள்ளைக் கம்பிகள் பதித்திருக்கும், ஃப்ரெட் என்பது. ஒவ்வொன்றும் ஒரு அரைச்சுரம். பன்னிரண்டு படி ஏறினால் மேல் சட்ஜம். அதாவது கம்பியின் நீளம் சரிபாதி. ஆகவே படிக்குப் படி நீளத்தை இரண்டின் பன்னிரண்டாம் மூலத்தால், 1.05946-ஆல், வகுக்க வேண்டும். என் கிதாரின் கம்பி 650 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட் 36.48-இல், பன்னிரண்டாவது 325-இல். 16-ஆம் நூற்றாண்டில் கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலேய் சுலபமாக ஒரு வழி சொன்னார்: மிச்ச நீளத்தில் 18-இல் ஒரு பங்கைத் தள்ளிக்கொண்டே போ. போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது படியில் 327.4 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது. பாதிக்கு மேல் 2.4 கூடுதல். கால்குலேட்டர் இல்லாத காலத்துக்கு மோசமில்லை. இதைச் சொன்னபோது அவர், "எட்டாம் கிளாஸ்ல இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தா நான் கணக்க விட்டிருக்க மாட்டேன் சார்" என்றார். உறைத்தது.

இனி என் குற்றம். வைகாசியில் கிதார் பளிங்கு மாதிரி நின்றது, பாலிஷ் மட்டும் பாக்கி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தில் தோய்த்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து ஏற்றுகிற பிரெஞ்ச் பாலிஷ். பூச்சு மெல்லிசாக இருப்பதால் பலகையின் வாயை அடைக்காது. "மழை முடியட்டும் சார்" என்றார். பேத்தி விடுமுறை முடிந்து போவதற்குள் வாசித்துக் காட்ட வேண்டும் என்று நான் நச்சரித்தேன். வாத்தியார் சொல்லைத் தட்ட முடியாமல் தொடங்கினார். நாலாம் நாள் மழை முன்னாலேயே இறங்கியது. பாலிஷுக்குள் ஈரம் புகுந்து மேல்பலகை பூராவும் மோர் கொட்டினது போல் வெளுத்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உப்புத்தாளை எடுத்து எல்லாவற்றையும் தேய்த்து இறக்கினார், கிதாரைப் போர்வையில் சுற்றினார், முள்ளைப் பார்த்தார். 88. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.

கார்த்திகையில் ஆள் அனுப்பினார். கம்பிகள் மேலே உட்காருகிற, மாட்டெலும்பில் இழைத்த பாலத்துண்டைக் கடைசியாகப் பொருத்திக் கம்பி கட்டினார். அந்தத் துண்டு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்திருக்கும். விரல் அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுவதை, தடித்த கம்பிக்குக் கொஞ்சம் அதிக நீளம் விட்டு, அது சரிக்கட்டும். முதலில் அவர்தான் மீட்டினார், தடித்த கம்பியை, ஒரே ஒரு தரம். மேசையில் இருந்த ஆணி டப்பா கூடவே முனகியது. அப்புறம் என் கையில் கொடுத்தார்.

கொடுக்கும்போது சோப்பு டப்பா ஒன்றும் தந்தார். சின்னதாக ஓட்டை போட்டு, உள்ளே பஞ்சு. மார்கழி, தையில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, டப்பாவைக் கிதார் உறைக்குள் வைக்க வேண்டும். இல்லையென்றால் அதே கிழக்குக் காற்று பலகையை வெடிக்கவைத்துவிடும். நேற்று ராத்திரி பனைமட்டைச் சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதுதான்.

வணக்கம்.