தவக்கரடியும் இடுகாட்டுப் பழியும்

(சித்தூர் மாவட்ட எல்லையில், குப்பத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

குன்றும் முள்காடுமாகத் தமிழகத்திற்குள் இறங்கும் நம் எல்லை நிலத்தில் யானையைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது, பெரும்பாலும் இரவில் மட்டுமே வெளிவந்து, விடியுமுன் வளைக்குள் அடங்கிவிடுவதால், காட்டோரத்திலேயே ஆயுளைக் கழித்தவர்களும் பார்த்திராத ஒரு விலங்கு. தமிழில் அதற்குத் தவக்கரடி என்று பெயர் வழங்கியதை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய இயற்கையியலாளர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். தேன்வளைக்கரடி என்பது இக்காலப் பெயர். பெயரில்தான் கரடி, உண்மையில் அது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்நாட்டில் இருந்த வெள்ளைக்காரர்கள் அதைப் ‘பிணக்குழி தோண்டி’ என்றும் அழைத்தார்கள். ஆழமில்லாத குழியை அது கிளறியிருக்கலாம்; ஆனால் அதன் கை எதற்காக அமைந்தது என்று பார்த்தால் பழியின் கனம் குறையும். முன்காலில் ஐந்து விரல்கள், அவற்றில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் வரை நீளும் நகங்கள். எலி வளையையும் கறையான் புற்றையும் பிளப்பதற்கு ஏற்ற கருவி அது. வெளிக்காது என்று சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை, வெறும் மேடுதான். தோண்டும்போது மண் புகாதபடி அது மூடிக்கொள்ளும்.

தேன்கூட்டை உடைப்பதும் உண்மையே. ஆயினும் தேனைவிட, அறைகளுக்குள் நெளியும் புழுக்களே அதற்குப் பெரிய இரை. தோல் தடித்தது மட்டுமன்று, தொளதொளவென்றும் இருப்பதால், சிறுத்தை கழுத்தைக் கவ்விப் பிடித்தாலும் அது தன் தோலுக்குள்ளேயே திரும்பி எதிரியைக் கடித்துவிடும். நாகத்தின் நஞ்சு, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை மறிப்பது; அந்நஞ்சு பற்றிக்கொள்ள வேண்டிய இடமே இவ்விலங்கின் தசையில் சற்று மாறி அமைந்திருக்கிறது. கீரிக்கும் இப்படித்தான், ஆனால் இரண்டும் நெருங்கிய உறவல்ல. இயற்கை ஒரே பூட்டை இரு வீட்டில் தனித்தனியாகச் செய்தது போல, என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெரும்பாலும் ஒரே குட்டிதான். அது ஓராண்டுக்கும் மேலாகத் தாயோடு திரிந்து வேட்டை பழகும். ஆகவே ஒரு தாய் கண்ணியில் சிக்கி இறந்தால், இழப்பு அதோடு நிற்பதில்லை. வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972, இதை மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது.

“கோழி பிடிக்குமா, ஐயா?” என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். பிடிக்கும். கூண்டின் அடியில் கல் பாவாவிட்டால் தோண்டியே உள்ளே வந்துவிடும். மறுநாள் காலை ஓடை மணலில் தடத்தைப் பாருங்கள்: நாய்க்கு நான்கு விரல் பதியும், இதற்கு ஐந்து, நகக்குறிகள் விரலை விட்டு வெகுதூரம் முன்னே குத்தியிருக்கும்.