பழைய கார் எண்ணெய் குடிக்கிறதா? இந்த ஒரு சாமான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்!

[திரையில்: பானெட் திறந்து நிற்கும் பழைய புரோட்டான் வீரா கார்]

வணக்கம் மக்களே! நம் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய புரோட்டான் வீரா, சாகா, இஸ்வாரா வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: "காடி எண்ணெய் குடிக்குது!" அதாவது, கார் பெட்ரோலை அள்ளிக் குடிக்கிறதாம். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பிளக் மாறும், ஃபில்டர் மாறும், இன்ஜெக்டர் கழுவப்படும். காசு போகும், எண்ணெயும் போகும். ஆனால் உங்கள் என்ஜினில் இருக்க வேண்டிய ஒரு சாமானே, என்ஜின் சூட்டைச் சரியாக வைத்திருக்கும் தெர்மோஸ்டாட்டே, இல்லாமல் இருக்கலாம். எப்போதோ யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். கடைசிவரை பாருங்கள், சோதனைக்குக் காசே வேண்டாம்.

முதலில் கணக்கு. இருபது வெள்ளிக்கு ஊற்றிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் ஒன்றும் தெரியாது. பம்ப் தானாக டக்கென்று நிற்கும்வரை நிரப்புங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அரை டேங்குக்கு மேல் ஓடியதும் அதே பம்பில் மறுபடி முதல் டக் வரை நிரப்புங்கள். 300 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் பிடித்தால், லிட்டருக்கு 10. ரிம் மாற்றிப் பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டரே குறைவாகக் காட்டும், அதையும் மறக்காதீர்கள்.

அப்புறம் டயர் காற்று. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்பே பாருங்கள். ஸ்டேஷன் மெஷினில் 200 கேபிஏ என்றால் ஏறத்தாழ 29 பிஎஸ்ஐ. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா? ஓட்டி நிறுத்தியதும் நான்கு ரிம் பக்கமும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்துப் பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர் ஃபில்டர்? செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் ஓடும் காருக்குக் கட்டாயம் மாற்றுங்கள், ஆனால் என்ஜின் ஆயுளுக்காக. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009இல் சோதித்துப் பார்த்தது: இன்ஜெக்ஷன் கார்களில் ஃபில்டர் அடைத்தால் இழுவை குறைகிறது, மைலேஜ் பெரிதாகக் குறையவில்லை.

சரி, இப்போது நம் கதாநாயகன். தெர்மோஸ்டாட்!

[திரையில்: உள்ளங்கையில் தெர்மோஸ்டாட்]

இதோ பாருங்கள், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 82 அல்லது 88 என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். அது திறக்கத் தொடங்கும் சூடு. நடுவில் ஒரு சின்னக் குப்பி, அதற்குள் மெழுகு. மெழுகு உருகி விரிந்ததும் குச்சியைத் தள்ளும், வால்வு வாய் திறக்கும், ரேடியேட்டருக்குக் கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், போகும். ஒயர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. நூலில் கட்டிச் சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காது. தண்ணீரில் ஆவி பறக்க ஆரம்பித்த பிறகு ஒரு மயிரிழை இடைவெளி தெரியும், பிறகு மெல்ல மெல்ல முழுதாகத் திறக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இதைத்தான் "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குண்ணே?" என்று கழற்றிப் போடுகிறார்கள். ரேடியேட்டர் அடைத்திருக்கும், ஃபேன் சுற்றாது, தண்டனை மட்டும் தெர்மோஸ்டாட்டுக்கு! எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வரும். வெளியே வெயில் 35 டிகிரிதான், என்ஜினுக்கு வேண்டியது 80க்கு மேல். தெர்மோஸ்டாட் இல்லாமல் கோலகங்சார் சாலையில் காற்றடிக்க ஓட்டினால் என்ஜின் சூடே ஏறாது. இன்னும் குளிர் விடவில்லை என்று நினைத்து என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். பேரன் முகம் வாடியிருக்கிறது என்று பாட்டி தட்டில் அள்ளி அள்ளிப் போடுவதுபோல! கூலண்ட் சூட்டில் இயங்கும் ஆட்டோ சோக் உள்ள கார்புரேட்டர் காரிலும் இதே கதைதான், குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் அந்தச் சோக் முழுதாக விலகாது.

உங்கள் காரில் இருக்கிறதா? காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணுங்கள். ஃபேனில் விரல் படாமல் ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் குழாய் சில நிமிடம் சில்லென்றே இருந்து, பிறகு சட்டென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பு ஏறினால், ஒன்று அது இல்லை, இல்லை திறந்தபடியே சிக்கியிருக்கிறது.

இன்னொரு விஷயம் கேளுங்கள், இது பல பேருக்குத் தெரியாது. வீரா மாதிரி காரில் டேஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறொரு சென்சார். முள் நடுவில் நின்றாலும் கம்ப்யூட்டருக்குப் போகும் அந்த இரண்டு ஒயர் சென்சார் கெட்டிருந்தால் கம்ப்யூட்டர் குளிர் என்றே நம்பலாம். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தும் மைலேஜ் வராவிட்டால் அடுத்து அதைச் சோதியுங்கள். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதற்குப் பிறகுதான், சில பழைய கார்களில் அது இருக்கவே இருக்காது.

புது தெர்மோஸ்டாட்டின் விலை ஒரு டேங்க் எண்ணெய்க் காசுக்குள் அடங்கிவிடும். மாட்டும்போது அதில் ஆடுகிற குட்டி ஊசி மேல்பக்கம் இருக்கட்டும், அடைபட்ட காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், கூலண்ட் ஊற்றுங்கள். முக்கியமாக, முன்பு கொதித்ததால்தான் கழற்றினார்கள் என்றால் ரேடியேட்டரையும் ஃபேனையும் முதலில் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் மறுபடி கொதிக்கும். சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்!

நாளைக் காலை குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன கார், எந்த வருஷம், சட்டென்று சுட்டதா மெல்ல ஏறியதா என்று கமெண்டில் எழுதுங்கள். கார்புரேட்டர் சாகா வைத்திருக்கிறவர்கள் சப்ஸ்கிரைப் பண்ணிக்கொள்ளுங்கள், அடுத்த வீடியோ உங்களுக்குத்தான்.