கால்வே லிஞ்சுகளும் நம் வீட்டுப் பெயர் நோட்டும்

(அயர்லாந்தின் கால்வே நகரில், தமிழர் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, அழைத்ததும் தட்டாமல் வந்து, சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட நகரசபை உறுப்பினர் அம்மையார் அவர்களே, வாடகையைக் குறைத்து இந்த ஹாலைத் தந்த பங்குத்தந்தை அவர்களே, சங்கச் செயலாளர் தம்பி அவர்களே, நைட் டியூட்டி முடித்த கையோடு வந்து வடை சுட்ட நர்ஸ் சகோதரிகளே, பொருளாளர் அவர்களே (இவரை விட்டுவிட்டால் போன வருஷம் மாதிரி மூன்று மாதம் பேச மாட்டார்), பெரியோர்களே, பின்னால் பந்து விளையாடும் குழந்தைகளே, வணக்கம்.

இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். அதில் வணக்கத்துக்கே இரண்டு போய்விட்டது. அம்மையாருக்குத் தமிழ் தெரியாது என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து என் மகள் மொழிபெயர்க்கிறாள். அவள் நான்கு வரியை ஒரு வரியாக்கிவிடுவாள். அம்மையார் கொடுத்துவைத்தவர்.

திரைகடலோடியும் திரவியம் தேடு. எந்த மேடை ஏறினாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் எனக்குத் 'திரவியம் மாமா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்று இந்தப் பழமொழிக்கு இந்த ஊரிலிருந்தே சாட்சி கொண்டுவந்திருக்கிறேன். லிஞ்ச் குடும்பம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, எங்கெல்லாம் போனது என்று இரண்டு விஷயம். மூன்றாவதாக ஒரு ராஜா கதை. நம் ஊரில் 'ராஜா காது கழுதைக் காது' என்போம். இங்கே ராஜா காது குதிரைக் காது. அந்த ராஜாவின் பெயரிலும் லிஞ்ச் ஒளிந்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஷாப் ஸ்ட்ரீட் முனையில் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய ஒரு பழைய மாளிகை நிற்கிறதே, சுவரிலிருந்து கல் மிருகங்கள் தலையை நீட்டிக்கொண்டு, கீழே பேங்க்? சம்பளக் கணக்கு திறக்க நம்மில் பாதிப் பேர் உள்ளே போயிருக்கிறோம். அதுதான் லிஞ்ச் கோட்டை. கால்வேயைப் 'பதினான்கு குலங்களின் ஊர்' என்பார்கள். பதினான்கு வியாபாரக் குடும்பங்கள். பிளேக், ஜாய்ஸ், மார்ட்டின், கிர்வன் என்று அந்தப் பட்டியல் போகும். அவர்களுக்கெல்லாம் மேலே உட்கார்ந்தவர்கள் லிஞ்சுகள். 1484இல் இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் இந்த ஊருக்கு உரிமைச் சாசனம் கொடுத்தார். முதல் மேயரே ஒரு லிஞ்ச். அன்று தொடங்கி 1654 வரை மேயர் நாற்காலியில் 84 முறை லிஞ்ச் உட்கார்ந்ததாக எண்ணிவைத்திருக்கிறார்கள். தோலும் கம்பளியும் மீனும் கப்பலில் ஏறின. ஸ்பெயினிலிருந்தும் பிரான்சின் போர்தோ நகரிலிருந்தும் ஒயின் இறங்கியது. திரைகடலோடித் தேடிய திரவியம்தான் இன்று பேங்காக நிற்கிறது. பொருளாளர் சிரிக்கிறார்.

இந்த லிஞ்சுகள் நார்மன் வழி வந்தவர்கள், அதாவது பிரான்சிலிருந்து இங்கிலாந்து வழியாக இங்கே வந்து இறங்கியவர்களின் வம்சம். 'டி லெஞ்ச்' என்பது பழைய வடிவம். ஆனால் அயர்லாந்தில் இன்னொரு லிஞ்ச் உண்டு. அவர்கள் அசல் ஐரிஷ்காரர்கள், 'ஓ லிங்ஷி'. ஐரிஷில் 'லுங்' என்றால் கப்பல். அதிலிருந்து வந்த சொல் இது. கடலோடியின் வழிவந்தவர் என்று பொருள். முன்னால் நிற்கும் 'ஓ' என்றால் பேரன், 'மாக்' என்றால் மகன். நாம் ஏன் பேரனைப் பேரன் என்கிறோம்? பெயரன் என்பதால். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். இந்த ஊர்க்காரர்கள் 'பேரன்' என்ற சொல்லையே பெயருக்கு முன்னால் ஒட்டவைத்துவிட்டார்கள். இது தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1518இல் கால்வே நகரசபை ஒரு சட்டம் போட்டது. 'ஓ'வும் 'மாக்'கும் இந்த ஊர் வீதிகளில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கக் கூடாதாம். ஐரிஷ் பெயர்க்காரன் உள்ளே வந்து அலட்டாதே என்று அர்த்தம். நகரசபையை வைத்திருந்தவர்கள் யார்? லிஞ்சும் கூட்டாளிகளும். பின்னால் ஆங்கில ஆட்சி இறுக இறுக, ஐரிஷ்காரர்கள் 'ஓ'வைத் தாங்களே உதிர்த்தார்கள். ஓ லிங்ஷியும் லிஞ்ச் ஆனார். தடுத்தவன் பேரனும் தடுக்கப்பட்டவன் பேரனும் இன்று டெலிபோன் டைரக்டரியில் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். எவர் எவர் என்று அவர்களுக்கே தெரியாது.

சரி, கதைக்கு வருகிறேன். செயலாளர் தம்பி கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

செயின்ட் நிக்கலஸ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைச் சுவர் இருக்கிறது. வீடு இல்லை, கூரை இல்லை, சுவரில் ஜன்னல் மட்டும். அதன் கீழே கருங்கல்லில் ஒரு மண்டையோடும் இரண்டு எலும்பும், 1624 என்ற வருஷமும். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே மழைக்கு ஒதுங்கினேன். நாயோடு வந்த ஒரு பெரியவர், நான் கேட்காமலே ஆரம்பித்தார். ஸ்பெயினில் வியாபாரம் பேசிவிட்டு 1493இல் மேயர் ஜேம்ஸ் லிஞ்ச் ஊர் திரும்பினாராம். அங்கே உபசரித்தவரின் மகன், கோமெஸ் என்ற பையன், கூடவே விருந்தாளியாக வந்தான். மேயர் மகன் வால்டருக்கும் அவனுக்கும் நல்ல சிநேகம். வால்டர் ஒரு பெண்ணை விரும்பினான். ஒரு நாள் ராத்திரி அவள் வீட்டுப் பக்கமிருந்து கோமெஸ் வருவதைப் பார்த்தான். அவ்வளவுதான். துரத்தினான், குத்தினான், கடலில் தள்ளினான். விடிந்ததும் அலை பிணத்தைக் கரை சேர்த்தது. வால்டர் தானே வந்து ஒப்புக்கொண்டான். நீதிபதி யார்? அப்பா. தூக்கு என்றார். அம்மா அழுதாள், அவள் பிறந்த வீட்டார் திரண்டார்கள், ஊரே வாசலில் நின்று விடு விடு என்றது. தூக்குப் போட ஒரு ஆள் கிடைக்கவில்லை. அப்பா மகனை மாடிக்கு அழைத்துப் போனார், கட்டிப்பிடித்தார், கயிற்றை மாட்டினார், அந்த ஜன்னல் வழியாகத் தானே தள்ளினார். பிறகு வீட்டை விட்டு வெளியே வரவே இல்லையாம்.

நான் சொன்னேன்: "ஐயா, எங்கள் திருவாரூரிலும் ஒரு ராஜா இருந்தார். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவர்." பெரியவர் யோசித்துவிட்டு, "மாட்டுக்காகவா?" என்றார். நாயும் என்னைப் பார்த்தது. மனுநீதிச் சோழனை முக்கால் மணி நேரம் மழையில் விளக்கினேன்.

ஆனால் மேயர் ஜேம்ஸ் நிஜம், கதை நிஜமில்லை. அந்தக் காலத்து ஆவணம் எதிலும் இந்தத் தூக்கு இல்லை. கதை ஊதிப் பெருத்தது 19ஆம் நூற்றாண்டில். அந்த ஜன்னலை 1854இல் எடுத்து நிறுத்தினார்கள். கும்பல் கூடி அடித்துக் கொல்வதை ஆங்கிலத்தில் 'லிஞ்ச்' என்கிறார்களே, அதுவும் இவரால் வந்ததில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் சார்லஸ் லிஞ்ச் தலையில்தான் பொதுவாக அதைக் கட்டுகிறார்கள். இன்னொன்று கவனியுங்கள். மேயரின் முழுப் பெயர் ஜேம்ஸ் லிஞ்ச் பிட்ஸ்ஸ்டீபன். ஸ்டீபன் மகன். தெருவுக்குப் பத்து லிஞ்ச் இருந்தால் அப்பா பெயர் வேண்டாமா? நம் ஊராக இருந்தால் எஸ். ஜேம்ஸ் லிஞ்ச். இனிஷியல்!

எங்கெல்லாம் போனார்கள் என்று கேட்டால் மூச்சு வாங்கும். 1652இல் இங்கிலாந்தின் குரோம்வெல் படை ஒன்பது மாத முற்றுகைக்குப் பின் ஊரைப் பிடித்தது. கத்தோலிக்க வியாபாரிகளின் கை ஒடிந்தது. ஒரு கிளை போர்தோவுக்குப் போனது. அதில் வந்த ஜான் பாப்டிஸ்ட் லிஞ்ச் 1809இல் அந்த நகரத்துக்கே மேயரானார். லிஞ்ச் பாஜ் என்ற பெயரில் ஒரு திராட்சைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. 1715இல் கால்வே பக்கம் பிறந்த பாட்ரிக் லிஞ்ச், ஸ்பெயினின் பில்பாவோ வழியாக அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் போய்ச் சேர்ந்தார். அவர் வம்சத்தில் ஒருவர் சிலி நாட்டுக் கடற்படைத் தளபதி. இன்னொருவரை இங்கே பனியனில் போட்டுக்கொண்டு ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறார். சே குவேரா! அவர் அப்பாவின் பெயர் எர்னஸ்டோ குவேரா லிஞ்ச். 2017இல் அயர்லாந்து தபால் துறை சேவுக்கு ஸ்டாம்பே வெளியிட்டது. கார்க் ஊர்க்காரர் ஜாக் லிஞ்ச் இந்த நாட்டுக்குப் பிரதமரானார். பராகுவேயை ஆட்டிவைத்த எலைசா லிஞ்ச் கதைக்குத் தனி மேடை வேண்டும். கரீபியனில் இந்தப் பெயரைத் தாங்கும் கறுப்பினக் குடும்பங்களும் உண்டு. அடிமையாக வாங்கியவன் பெயர் அடிமை மேல் ஏறிய தீவுகள் அவை. திரைகடலோடித் திரவியம் தேடியதில் இதுவும் சேர்த்தி. அதை மறைத்துப் பேச நான் வரவில்லை.

இவ்வளவும் எப்படித் தெரிந்தது? யாரோ எழுதிவைத்தார்கள். எழுதாதது போச்சு, எழுதியதிலும் பாதி போச்சு. 1922 ஜூன் 30, உள்நாட்டுப் போர், டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கு கிட்டத்தட்ட முழுக்கச் சாம்பல். அதற்குப் பிந்தைய நாற்பது வருஷக் கணக்கை அரசாங்கமே அழித்துவிட்டது. முழுசாக மிஞ்சிய 1901, 1911 கணக்குகளை இன்று இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பது என் அப்பா பெயர். மனைவிக்கு அவள் அப்பா பெயர். மகளுக்கு என் பெயர். ஒரு விமான நிலையத்தில் எங்கள் மூன்று பேரையும் நிறுத்தி, நீங்கள் நிஜமாகவே ஒரே குடும்பமா என்று கேட்டார்கள். மகளுக்கு அப்போது ஐந்து வயசு. "இவர் யார்?" என்று அவளைக் கேட்டார்கள். அவள் "திரவியம் மாமா" என்றாள்.

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்குப் போன் போட்டு, "சித்தப்பா, அப்பாயியோட அம்மா பேரு என்ன?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "பெரியாத்தான்னுதான்டா கூப்புடுவோம்... பேரு யாரு கேட்டா?" என்றார். திரைகடலோடித் திரவியம் தேடச் சொன்னார்கள் சரி, பெயரைத் தொலைத்துவிட்டு வா என்று யாராவது சொன்னார்களா?

ஆகவே, இந்த ஒரு வருஷமாகச் செயற்குழுவில் நான் கத்திக்கொண்டிருப்பதை இங்கேயும் கத்துகிறேன். வீட்டுக்கு ஒரு பெயர் நோட்டு. நாலு தலைமுறை, ஆண் பெண் இரு பக்கமும், பெண்கள் பெயர் கட்டாயம், ஊர் பெயர், எல்லாம் தமிழ் எழுத்தில். ஒரு பிரதி நம் தமிழ் வகுப்பு அலமாரியில். அலமாரிக்குப் பூட்டு வாங்கப் பொருளாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதை இந்தச் சபைக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

குதிரைக் காது ராஜாவுக்கு நேரமில்லை என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். அடுத்த வருஷம். வடை மேஜைக்குப் பக்கத்தில் நாற்பது நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறேன். எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள். ஊரில் இப்போது ராத்திரி மணி பத்தரை. பெரியவர்கள் தூங்குவதற்குள் போனைப் போடுங்கள். ஐந்தரைக்கு ஹால் சாவியைப் பங்குத்தந்தையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வணக்கம்.