ஆம்புலன்ஸ்ல பிபி 84, கேஷுவால்டில 118: எதைக் கணக்குல எடுக்கணும்?

வணக்கம் மக்களே. ஒரு பைக் ஆக்சிடென்ட்னு வைங்க, 108 வந்துருச்சு, ஈஎம்டி (ஆம்புலன்ஸ்ல வர்ற அவசர சிகிச்சை டெக்னீஷியன்) பிபி பாக்குறாரு, மேல் நம்பர் 84. வழியில சலைன் ஏத்துறாங்க, கேஷுவால்டிக்குள்ள ஸ்ட்ரெச்சர் போறப்ப பாத்தா 118, ஆளு பேசவும் செய்றாரு. கூட வந்த சொந்தக்காரங்களுக்கு அப்பதான் மூச்சே வரும். ஆனா அனுபவமுள்ள டாக்டர் மொதல்ல கேப்பாரு, "வழியில எவ்ளோ இருந்துச்சு?"

(திரையில்: 84, சிவப்புல)

ஏன்னு பாப்போம். 70 கிலோ ஆளுக்கு ரத்தம் கிட்டத்தட்ட 5 லிட்டர். அதுல ஒரு லிட்டர் போனாக்கூட பிபி பெருசா இறங்காது, ஏன்னா ஹார்ட் வேகமா அடிக்கும், கை கால் ரத்தக்குழாய் சுருங்கிக்கும், இருக்குற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் தள்ளிவிடும், கை சில்லுன்னு ஆகி வேர்க்குறது அதனாலதான். சுமார் 30 சதவீதம், அதாவது ஒன்றரை லிட்டர் போனப்புறம்தான் உடம்பு கைய விரிக்கும். அப்ப 84ங்குறது லேட்டா வந்த தகவல். சலைன் ஊத்துனா நம்பர் ஏறும், ஆனா மண்ணீரல் கிழிஞ்சிருந்தா அந்தக் கிழிசல் அப்டியேதான இருக்கு!

"மெஷின் தப்பா காட்டிருக்கும்பா"ன்னு தள்ளிவிடுறவங்களும் உண்டு. சந்தேகம்னா மெஷின நம்பாம, கையில பட்டைய (கஃப்) கட்டி நீங்களே மறுபடி பாருங்க, பழைய நம்பரை அழிக்காதீங்க.

தலையில அடின்னா இன்னும் மோசம். 1993ல அமெரிக்காவுல 717 பேரோட டேட்டாவ வச்சு வந்த ஆய்வுல, ஆரம்ப கட்டத்துல ஒரு தடவ மேல் நம்பர் 90க்குக் கீழ போனவங்ககிட்ட சாவு ரெண்டு மடங்குக்கும் மேல இருந்துச்சு.

ஆனா 90க்குக் கீழ போனாதான் ஆபத்துங்குற கோடு எல்லாருக்கும் பொருந்தாது. 65 வயசு தாண்டுனா 110க்குக் கீழயே உஷாராகணும், தாத்தாவுக்கு வழக்கமா 150 இருந்துருக்கும், 105 அவருக்குக் கம்மிதான், அதுவும் இதயத்துடிப்பக் குறைக்குற பீட்டா பிளாக்கர் மாத்திர போடுறவருன்னா பல்ஸும் ஏறாம நம்மள ஏமாத்திரும். பத்து வயசுக்குள்ள குழந்தைக்கு வயச ரெண்டால பெருக்கி 70 கூட்டுங்க, 5 வயசுக்கு 80, அதுக்குக் கீழ போனா ஆபத்து. குழந்தைங்க கடைசி வரைக்கும் தாக்குப்பிடிச்சிட்டு திடீர்னு விழுந்துருவாங்க.

இன்னொன்னு, மேல் நம்பரைவிட பல்ஸ் அதிகமா இருக்கா பாருங்க. பிபி 100, பல்ஸ் 125ன்னா நம்பர் பாக்க நல்லாருந்தாலும் உள்ள ரத்தம் போய்ட்டிருக்கலாம்.

அதனால ஒப்படைக்கிறப்ப ஈஎம்டி இப்டி சொல்லணும்: "மொத பிபி 84, பல்ஸ் 130, சலைன் அரை லிட்டர் போயிருக்கு, இப்ப 118."