செர்மாட்: ஆல்ப்ஸ் பனிக் கிராமத்தில் ஆடம்பரமும் அசலும்

[காட்சி: பனி மூடிய பள்ளத்தாக்கில் மெதுவாக ஏறும் சிவப்பு ரயில்]

வணக்கம். சுவிட்சர்லாந்தின் தெற்கே, இத்தாலிய எல்லையை ஒட்டிய வாலே மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது செர்மாட் என்ற பனிச்சறுக்குக் கிராமம். உலகின் விலை உயர்ந்த விடுமுறை ஊர்களில் ஒன்றாக இருந்துகொண்டே பழைய மலைக்கிராமத்தின் உடம்பையும் அது எப்படித் தக்கவைத்திருக்கிறது என்பதையும், அங்கே போகிறவர் எதற்குப் பணம் செலவழித்தால் தகும் என்பதையும் இந்தக் காணொளியில் பார்ப்போம்.

சூரிச் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால், 2007இல் திறக்கப்பட்ட லோட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கத்தைக் கடந்து விஸ்ப் என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்து மலை ரயிலுக்கு மாற வேண்டும். மொத்தப் பயணம் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். காரில் வருபவர்கள் ஐந்து கிலோமீட்டர் முன்னதாகவே, டேஷ் என்ற ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, பன்னிரண்டு நிமிட ரயில் பயணத்தில் செர்மாட்டுக்குள் நுழைகிறார்கள். பெட்ரோல், டீசல் கார்களுக்கு ஊருக்குள் அனுமதி கிடையாது. அங்கே ஓடுபவை, பெட்டி போன்ற தோற்றமுடைய சிறிய மின்சார வண்டிகள். அவற்றில் பெரும்பாலானவை அவ்வூர்ப் பட்டறைகளிலேயே செய்யப்பட்டவை. எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் தம் காரை ஹோட்டல் வாசலில் கொண்டுவந்து நிறுத்த முடியாது என்பதே இந்த ஊரின் முதல் ஆடம்பரம் என்று நான் கருதுகிறேன். ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும்: அந்த மின்சார வண்டிகள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும், ஆகவே குறுகிய கடைத்தெருவில் படம் எடுத்தபடி நடப்பவர்கள் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது நல்லது.

[காட்சி: ஹின்டர்டார்ஃப் பகுதியின் கறுத்த மரக் களஞ்சியங்கள்]

ஊரின் மிகப் பழைய பகுதிக்கு ஹின்டர்டார்ஃப் என்று பெயர். கடைகளின் வெளிச்சத்திலிருந்து சில அடிகள் விலகி உள்ளே போனால், நூற்றாண்டுக் கணக்கான வெயிலில் ஏறத்தாழக் கருப்பாகிவிட்ட லார்ச் மரத்தாலான தானியக் களஞ்சியங்கள் நெருக்கமாக நிற்பதைக் காணலாம். அவற்றின் அடிப்பகுதியைக் குனிந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு களஞ்சியமும் குட்டையான மரக்கால்கள்மேல் நிற்கிறது. ஒவ்வொரு காலுக்கும் களஞ்சியத்துக்கும் நடுவே, திருகைக்கல்லைப் போன்ற அகலமான வட்டக்கல் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. காலைப் பற்றி ஏறும் எலி, தலைக்குமேல் கூரைபோல் நீண்டிருக்கும் அந்தக் கல்லைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும். ரை என்ற தானியத்தில் ஒரு பிடியைக்கூட எலிக்கு விட்டுக்கொடுக்க முடியாத ஏழ்மையில் இந்த ஊர் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த ஏழ்மையை மாற்றியவர்கள் மலையேறிகள். 1850களில் அலெக்சாண்டர் சைலர் என்பவர் இங்கிருந்த சிறிய விடுதி ஒன்றை எடுத்து, மான்டே ரோசா என்ற பெயரில் நடத்தத் தொடங்கினார். 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் என்ற ஆங்கிலேயர் தலைமையில் ஏழு பேர், 4,478 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் சிகரத்தின் உச்சியை முதன்முதலாகத் தொட்டனர். இறங்கும்போது ஒருவர் கால் இடற, அவர்களைப் பிணைத்திருந்த கயிறு அறுந்து நால்வர் உயிரிழந்தனர். அந்த அறுந்த கயிறு இன்றும் ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. விபத்துச் செய்தி ஐரோப்பா முழுவதும் பரவியதும், கூட்டம் குறைவதற்குப் பதிலாகப் பெருகியது. 1879இல் ஊர்க்குடிகளே ஒன்றுசேர்ந்து செர்மாட்டர்ஹோஃப் என்ற பெரிய ஹோட்டலைக் கட்டித் திறந்தார்கள். அது இன்றும் ஊர்க்குடிகள் சபையின் சொத்து. 1891இல் ரயில் வந்தது, ஆனால் பனிச்சரிவுக்கு அஞ்சிப் பல ஆண்டுகள் கோடையில் மட்டுமே ஓடியது. குளிர்காலம் முழுவதும் ரயில் ஓடத் தொடங்கியது 1930களில்தான். இன்று நாம் பார்க்கும் பனிச்சறுக்கு விடுமுறை, இந்த ஊரின் வரலாற்றில் ஒப்பீட்டளவில் புதிய வரவு.

பெரன், யூலன், பினர், டாக்வால்டர் போன்ற சில குடும்பப் பெயர்களைத் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்திலும் காணலாம், விடுதிகளின் பெயர்ப்பலகைகளிலும் காணலாம். ஊர்க்காரர்கள் நிலத்தை முழுவதுமாக விற்றுவிட்டு வெளியேறவில்லை என்பதுதான் அசல் தன்மை இங்கே பிழைத்திருப்பதற்கு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

[காட்சி: பாதி வட்டப் பாலாடைக்கட்டி சூட்டில் உருகுகிறது]

இனி உணவு. வாலே மாநிலத்தின் ராக்லெட் விருந்தை அவசரமில்லாமல் உண்ண வேண்டும். பாதியாக வெட்டிய பாலாடைக்கட்டி வட்டத்தைச் சூட்டுக்கு எதிரே பிடித்து, மேற்பரப்பு குமிழியிட்டு உருகியதும் கத்தியின் முதுகால் ஒரே இழுப்பில் தட்டில் வழித்துவிடுகிறார்கள். தோலோடு அவித்த உருளைக்கிழங்கும், ஊறுகாயாகப் போட்ட சிறு வெள்ளரியும் வெங்காயமும் துணைக்கு வரும். தட்டு காலியாகக் காலியாக அடுத்த வழிப்பு வந்துகொண்டே இருக்கும். இறைச்சி இல்லாத உணவுதான் என்றாலும், மரபான முறையில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் பயன்படுகிறது என்பதைக் கண்டிப்பான சைவர்கள் அறிந்திருப்பது நல்லது. சுவிட்சர்லாந்தின் உணவகச் சமையலறைகளில் 1980களிலிருந்தே ஈழத் தமிழர் பலர் உழைத்துவருவதால், நாட்டில் எங்கே சாப்பிட்டாலும் அடுப்படியிலிருந்து தமிழ்க் குரல் கேட்டால் வியப்படைய வேண்டியதில்லை.

எதற்குச் செலவழிப்பது? மேட்டர்ஹார்ன் தெரியும் அறைக்குக் கூடுதல் தொகை கேட்பார்கள். மேகம் இறங்கிவிட்டால் நாள் கணக்கில் மலை கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த விடியலில் அதன் கிழக்கு முகம் பொன்னிறமாவதைத் தேவாலயப் பாலத்தில் நின்று காசில்லாமல் பார்க்கலாம். அந்தப் பணத்தை ஒரு நல்ல பனிச்சறுக்குப் பயிற்சியாளருக்கும், ஃபிண்டெல்ன் குக்கிராமத்தில் ஒரு நீண்ட மதிய உணவுக்கும் கொடுப்பதே சிறந்தது. சறுக்கத் தெரியாதவர்களும் சுரங்க ரயிலில் சில நிமிடங்களில் சுன்னெகா ஏறி, அங்கிருந்து பனிப்பாதையில் நடந்தே ஃபிண்டெல்னுக்கு இறங்கலாம். 1898 முதல் மின்சாரத்தில் ஓடும் கோர்னர்கிராட் பல்சக்கர ரயிலோ, 33 நிமிடங்களில் 3,089 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். ஜனவரி நடுப்பகுதியில் கூட்டமும் விலையும் சற்றுத் தணியும், குளிர் மட்டும் தணியாது.

[காட்சி: கேபிள் கார், கீழே பனிப்பாறை]

நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. 3,883 மீட்டரில் உள்ள கிளைன் மேட்டர்ஹார்ன் நிலையத்துக்குக் கேபிள் காரில் ஏறி, எல்லையைக் கடந்து இத்தாலியின் செர்வீனியா வரை சறுக்கி இறங்கி, அங்கே மதிய உணவு உண்டுவிட்டுத் திரும்பலாம். அந்த உயரத்தில் சிலருக்கு மூச்சு வாங்கும், தலை கனக்கும். அவசரப்பட்டு நடக்கக் கூடாது. இத்தாலிப் பக்கத்துக்கும் செல்லும் பனிச்சறுக்குச் சீட்டை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். மேலே காற்று வலுத்தால் ஊர்திகளை முன்னறிவிப்பின்றி நிறுத்திவிடுவார்கள். கடைசி ஊர்தியைத் தவறவிட்டவருக்கு மலையைச் சுற்றிக்கொண்டு பல மணி நேரம் டாக்ஸியில் வருவதே வழி, அந்தக் கட்டணம் விருந்தின் விலையைப் பல மடங்கு மிஞ்சிவிடும். எனவே உணவை முடித்ததும் தாமதிக்காமல் மேலேறத் தொடங்க வேண்டும். இன்னொரு காபி குடித்தே தீர வேண்டும் என்பவர்கள் பாஸ்போர்ட்டுடன் பல்துலக்கும் பிரஷையும் பையில் போட்டுக்கொள்வது நல்லது.