சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்: யுபிஎஸ்சி இன்டர்வியூ பத்தி எங்க ஊர் நூலகத்துல பேசினது

(போன ஞாயித்துக்கிழமை எங்க கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவுல பேசினது. வர முடியாத தம்பி தங்கச்சிங்க கேட்டதால பேசினபடியே எழுதிப் போடறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். விழாவுக்குத் தலைமை ஏத்திருக்குற பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கிற வணிகர் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, நாம இப்ப வேர்க்காம உக்காந்திருக்கோம்னா அது அவர் போன கோடையில வாங்கிப் போட்ட ஆறு ஃபேனாலதான், அதுக்கு முதல்ல ஒரு கைத்தட்டு கொடுங்க. எனக்கு எட்டாவதுல தமிழ் எடுத்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, இன்னைக்கும் காலையில முதல் ஆளா வந்து பேப்பரை நின்னுக்கிட்டே படிக்கிறவர், அவர் முன்னாடி மைக் பிடிக்கறதே எனக்குப் பெருமை. நூலகர் அம்மா அவர்களே, வாசகர் வட்ட நிர்வாகிகளே, மகளிர் குழு சகோதரிகளே, மூணாவது வரிசையில உக்காந்திருக்குற, இந்த வருஷம் ஐஏஎஸ், ஐபிஎஸ் மாதிரி வேலைக்கு ஆள் எடுக்கற யுபிஎஸ்சியோட மெயின்ஸ், அதாவது ரெண்டாங்கட்ட எழுத்துத் தேர்வு, எழுதிட்டு ரிசல்ட்டுக்காக காத்திருக்குற நம்ம ஊர் பிள்ளைங்க ரெண்டு பேருமே, உங்களுக்காகத்தான் இன்னைக்கு யுபிஎஸ்சி இன்டர்வியூங்கற இந்த தலைப்பு.

நான் பதினோரு வருஷமா மாதிரி நேர்காணல்ல கேள்வி கேக்குற பக்கம் உக்காந்துட்டு வர்றவன். அந்த அனுபவத்துல அஞ்சு விஷயம் சொல்லலாம்னு வந்தேன். ஒண்ணு டிஏஎஃப்ங்கற விண்ணப்ப ஃபார்ம், ரெண்டு சொந்த ஊர், மூணு மொழி, நாலு 'தெரியாது'ன்னு சொல்ற தைரியம், அஞ்சு கடைசி வாரத்துல தூக்கம், டிரஸ் எல்லாம்.

முதல்ல கணக்கைப் பாத்துடுவோம். மெயின்ஸ்ல ரேங்க்குக்கு எடுத்துக்கற ஏழு தாளுக்கு 1750 மார்க், இன்டர்வியூவுக்கு 275, மொத்தம் 2025. இன்டர்வியூல இத்தனை மார்க் எடுத்தாத்தான் பாஸ்னு எல்லை எதுவும் கிடையாது, ஆனா காலியிடத்தைப் போல சுமார் ரெண்டு மடங்கு பேரைக் கூப்பிடறாங்க, அப்ப பாதிப் பேர் திரும்பி வரணும், பத்து மார்க்ல ஐஏஎஸ்ஸா ஐபிஎஸ்ஸாங்கற சர்வீஸே மாறிப்போயிடும். டெல்லி ஷாஜகான் ரோட்டுல தோல்பூர் ஹவுஸ்ங்கற யுபிஎஸ்சி ஆபீஸ்லதான் இன்டர்வியூ, கேள்வி கேக்குற குழுவுக்குப் பேர் போர்டு, சேர்மனையும் சேர்த்து பொதுவா அஞ்சு பேர், ஏறக்குறைய அரை மணி நேரம். எந்த போர்டுன்னு அங்க போற வரைக்கும் யாருக்கும் தெரியாது, அதனால அந்த சேர்மன் இப்படி இந்த சேர்மன் அப்படின்னு சொல்ற வீடியோவைப் பாத்து பயந்து நேரத்தை வீணாக்காதீங்க.

யுபிஎஸ்சியோட தேர்வு அறிவிக்கையை எடுத்து வரி வரியா படிங்க. உங்க பொது அறிவை சோதிக்கிறது இதோட நோக்கம் இல்ல, அதை எழுத்துத் தேர்வுலயே பாத்தாச்சு, இது குறுக்கு விசாரணையும் இல்ல, இயல்பா ஒரு நோக்கத்தோட நடக்கற பேச்சுன்னு அதுலயே போட்டிருக்காங்க. பேச்சுங்க! பேச்சுன்னா உள்ள ஏதாவது இருக்கணும். எங்க அப்பத்தா எதுக்கெடுத்தாலும் ஒண்ணு சொல்லும், சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு.

டிஏஎஃப்ங்கறது உங்களைப் பத்தி நீங்களே நிரப்பிக் கொடுக்கற ஃபார்ம். ஊர், படிப்பு, வேலை, பொழுதுபோக்கு, எந்த சர்வீஸ் வேணும், எந்த மாநிலத்துல வேலை பாக்கணும்ங்கற கேடர் எல்லாம் அதுல வரும். போர்டு கையில இருக்கறது அதுதான், கேள்வி முக்கால்வாசி அதுலேர்ந்துதான் முளைக்கும். அதுல போட்ட ஒவ்வொரு வார்த்தைக்கும் நீங்க ஜவாப்தாரி. புத்தகம் படிப்பேன்னு போட்டுட்டு கடைசியா படிச்சது என்னன்னு கேட்டா முழிக்கிற பிள்ளைங்களை வருஷா வருஷம் பாக்கறேன், மனசு கஷ்டமா இருக்கும்.

ரெண்டாவது, சொந்த ஊர். இதுக்கு ஒரு சம்பவம் சொல்லியே ஆகணும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சில வருஷம் முன்னாடி மணப்பாறை பக்கத்துலேர்ந்து ஒரு பையன் மாதிரி நேர்காணலுக்கு வந்தான். வெளியுறவுக் கொள்கை, பணவீக்கம், பருவநிலை மாற்றம், எது கேட்டாலும் தடதடன்னு சொல்றான், அப்படியே கோச்சிங் நோட்ஸ் வாசனை. நான் ஃபார்மைப் பாத்துட்டு, "தம்பி, மணப்பாறை முறுக்குக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கே, அதுல அப்படி என்ன விசேஷம்?"னு கேட்டேன். பையன் சிரிச்சான். "நல்லா இருக்கும் சார்"ன்னான். ஏன் நல்லா இருக்குன்னேன். சத்தமே இல்ல. நெத்தியில வேர்வை. அவங்க வீட்டுலேர்ந்து அடுப்பு எரியுற இடம் மூணு தெரு தள்ளிதான், இருபத்தஞ்சு வருஷமா சாப்பிடறான், ஒரு நாள் எட்டிப் பாத்ததில்ல. நான் திட்டல. "தம்பி, நோட்ஸை மூடி வை, ரெண்டு நாள் போய் அந்த அடுப்படியில நில்லு"ன்னேன்.

போனான்ங்க. காலையில நாலரை மணிக்கு. அரிசி மாவுல ஓமம், சீரகம், எள்ளு சேர்த்துப் பிசையறதுலேர்ந்து பாத்திருக்கான். பிழிஞ்சதை எண்ணெய்ல போட்டு, முழுசா வேக விடாம நீளக் கம்பியால கோத்து எடுத்து, ஆற வச்சு, மறுபடியும் எண்ணெய்ல போடறாங்க. ரெண்டு தடவை பொரிக்கறதுதான் அந்த மொறுமொறுப்புக்கு காரணம். அங்க வேலை பாக்குற ஒரு அம்மா, முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறிச்ச தழும்பு, அவங்ககிட்ட ருசிக்கு என்னக்கா காரணம்னு கேட்டிருக்கான். "தண்ணி தம்பி. நம்ம தண்ணியில லேசா உப்பு இருக்குல்ல, அதான் ருசி. ஆனா நாங்க குடிக்கறது கேன் தண்ணி"ன்னு சொல்லிட்டு அடுத்த ஈடு போடப் போயிட்டாங்களாம்.

டெல்லியில முறுக்கைப் பத்தி யாரும் கேக்கல. ஒரு மெம்பர் கேட்டது, "உங்க திருச்சி மாவட்டத்துல காவேரி ஓடுது, அப்புறம் என்ன உங்களுக்கு தண்ணிப் பிரச்சனை?" பையன் தமிழ்ல சொன்னான், "ஐயா, காவேரி ஓடறது எங்க மாவட்டத்துல, எங்க வீட்டுப் பக்கம் இல்ல. எங்க ஊர் தண்ணி முறுக்குக்கு ருசி, குடிக்கறதுக்கு கேன்"னுட்டு, அந்த அம்மா சொன்னதை அப்படியே சொல்லியிருக்கான். மொழிபெயர்ப்பாளர் முறுக்குங்கற வார்த்தையை முறுக்குன்னே விட்டுட்டாராம். அதுக்கப்புறம் பத்து நிமிஷம் நிலத்தடி நீர், குடிதண்ணி யாவாரம், பெண்களோட கூலின்னு பேச்சு தானா ஓடியிருக்கு. பையன் இன்னைக்கு வட மாநிலத்துல ஒரு மாவட்டத்துல வேலை பாக்கறான். சட்டியில இருந்துச்சு, அகப்பையில வந்துச்சு.

தமிழ்லன்னதும் சில பேர் நிமிர்ந்து பாக்கறீங்க. ஆமா, தமிழ்ல கொடுக்கலாம். மெயின்ஸை இங்கிலீஷ்ல எழுதியிருந்தாலும், கட்டாய இந்திய மொழித் தாளுக்கு தமிழ் எடுத்திருந்தா இன்டர்வியூவுக்கு தமிழைக் கேக்கலாம். இது சலுகை இல்ல, உரிமை. எந்த மொழியில உங்களுக்கு யோசனை வருதோ அதுல பேசுங்க. இதை இன்னும் விரிவா சொல்லணும், நேரம் போயிட்டிருக்கு, அதைவிட அவசரமா ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு.

அந்த சட்டி எங்க நிறையும்? சென்னை கிரீன்வேஸ் ரோட்டுல அரசாங்கத்தோட பயிற்சி மையம் இருக்கு, மாதிரி நேர்காணல் நடத்தறாங்க, மனசார பாராட்டறேன். ஆனா அது கடைசி மாசத்து வேலை. பத்து வருஷம் பேப்பர் படிச்சு, பக்கத்துல உக்காந்திருக்குறவரோட வாதம் பண்ணி வளர்ற புத்தி இந்த மாதிரி மர பெஞ்சுலதான் வளரும். சீர்காழியில பொறந்த நூலக அறிஞர் ரங்கநாதன் 1931-ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினாரு, அதுல முதல் விதி நூல்கள் பயன்படுத்தத்தான்ங்கறது. 1948-ல இந்த மாகாணத்துல நூலகச் சட்டம் வந்துச்சு, சுதந்திர இந்தியாவுல அதுதான் முதல் சட்டம். இன்னைக்கும் நீங்க கட்டற சொத்து வரியில ரூபாய்க்கு பத்து பைசா நூலக வரி. ரசீதை எடுத்துப் பாருங்க, தனியா போட்டிருக்கும்.

சென்னை கோட்டூர்புரத்துல 2010-ல, மதுரையில 2023-ல பெரிய பெரிய நூலகம் வந்துச்சு, சந்தோஷம். நம்ம ஊர் பொண்ணு தினமும் மதுரை போக முடியுமா? ஜவுளிக்கடையில வேலை பாத்துக்கிட்டே பிரிலிம்ஸ், அதாவது முதல் கட்டத் தேர்வு, எழுதின பொண்ணு அது. கடை விட்டு இங்க ஓடி வந்தா பூட்டு தொங்குது. படிக்கட்டுல உக்காந்து தெரு லைட்டுல நேத்து பேப்பரைப் படிச்சதை நானே பாத்தேன். இது நூலகர் அம்மா தப்பு இல்ல, அவங்க ஒரே ஆள், நேரம் மேலேர்ந்து வர்ற உத்தரவு. அந்த உத்தரவைத்தான் மாத்தணும்னு மூணு வருஷமா மனு கொடுத்துட்டு வர்றோம். ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் திறந்து வைங்க, அதுக்கு இன்னொரு ஆளைப் போடுங்க. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாங்களே ஒரு போர்டு உக்கார்றோம், ரிட்டையர் ஆன விஏஓ, நர்ஸம்மா, விவசாயி, பேங்க் மேனேஜர், நம்ம தலைமை ஆசிரியர் ஐயா. கேள்வி கேக்க டெல்லியிலேர்ந்து ஆள் வரணும்னு இல்ல. பிள்ளைங்க பத்தாவது படிக்கும்போதே பெரியவங்க முன்னாடி உக்காந்து, "எனக்கு இது தெரியாதுங்க ஐயா"ன்னு தலை நிமிந்து சொல்லிப் பழகட்டும், என்னோட நாலாவது விஷயமும் அதுல அடக்கம், அஞ்சாவதை இன்னொரு நாள் பேசிக்கலாம்.

தலைவர் அம்மா, மேடையிலேயே கேக்கறேன், பேரூராட்சித் தீர்மானம் ஒண்ணு இருந்தா எங்க மனுவுக்கு பலம். ஃபேன் கொடுத்த ஐயா, ராத்திரி நேரத்துக்கு ஒரு யுபிஎஸ் கொடுத்தீங்கன்னா கரண்ட் போனாலும் படிப்பு நிக்காது.

வாசல் மேசையில நீல அட்டை போட்ட நோட்டு ஒண்ணு இருக்கு. போகும்போது பேர், என்ன வேலை, எத்தனை மணிக்கு நூலகத்துக்கு வர முடியும்னு எழுதி கையெழுத்து போடுங்க. எழுதத் தெரியாதவங்க சொல்லுங்க, மூணாவது வரிசைப் பிள்ளைங்க எழுதிக் கொடுப்பாங்க. வர்ற திங்கக்கிழமை அதை எடுத்துக்கிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போறோம், காலையில எட்டு மணி பஸ், வர்றவங்க வரலாம். நன்றி, வணக்கம்.