தோட்டத்தில் விலக்கு, மண்டியில் சட்டம்

(காட்சி: நீலகிரி, கேத்தி பாலாடா. சரிவில் படிப்படியாகக் கேரட் தோட்டங்கள்.)

வணக்கம். "உணவுப் பாதுகாப்புச் சட்டமெல்லாம் ஓட்டலுக்கும் கடைக்கும்தான், விவசாயிக்கு ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், தோட்டத்து அளவில் விவசாயிக்கும் அவர் விளைச்சலுக்கும் விலக்கு அளிக்கிறது. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் சொந்த நிலத்தில் மருந்து அடிப்பவரை விட்டுவிடுகிறது.

ஆனால் கேரட் தோட்டத்திலேயே இருந்துவிடுவதில்லையே! மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை இறங்கி விற்பனைக்குப் போனதும், அந்தக் கேரட் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. மாதிரி எடுத்து, மருந்தின் எச்சம் அளவை மீறியிருந்தால் முதலில் மாட்டுபவர் வியாபாரி. அடுத்த முறை உங்கள் சரக்கு என்றால் அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

(காட்சி: மருந்து டப்பா. அருகில், பிரித்து வைத்த துண்டுத்தாள்.)

டப்பாவோடு நாலாக மடித்து வரும் இந்தத் தாளைப் பெரும்பாலும் யாரும் பிரிப்பதில்லை. பொடி எழுத்து, கண்ணாடி போட்டாலும் சிரமம்தான். ஆனாலும் இதில் பயிரின் பெயருக்கு நேரே ஓர் எண் இருக்கும். கடைசியாக மருந்து அடித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது அது. ஒரே மருந்துக்குப் பயிருக்குப் பயிர் அந்த எண் மாறும்.

இங்கே ஒரு பெரிய குழப்பம். "பச்சை முக்கோணம் போட்டது, பயமில்லை" என்று சொல்லி மறுநாளே பறிப்பவர்கள் இருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற முக்கோணங்கள் மருந்தின் உடனடி நச்சுத்தன்மையைச் சொல்பவை. கலக்குபவரும் அடிப்பவரும் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கானவை. காத்திருக்கும் நாளுக்கும் நிறத்துக்கும் தொடர்பில்லை.

மண்டியில் விலை ஏறிய அன்று அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பது எளிதல்ல என்பதும் தெரிந்ததே. அதனால்தான் விலையைப் பார்த்துப் பறிப்பை முடிவு செய்யாமல், பறிப்பைப் பார்த்துக் கடைசித் தெளிப்பை முடிவு செய்யச் சொல்கிறோம்.

தாளில் உங்கள் பயிரின் பெயரே இல்லையா? அடிக்காதீர்கள். அந்தப் பயிருக்கு எச்ச அளவு தனியாக நிர்ணயிக்கப்படாத மருந்துக்குப் பொதுவான வரம்பு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். 100 டன் கேரட்டில் ஒரே ஒரு கிராம்! தப்புவது கடினம்.

(காட்சி: ஓடைக்கரை. தெளிப்பான் கழுவும் ஒருவர்.)

இதற்கு விலக்கே கிடையாது. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், தெரிந்தே ஓடையில் நச்சைக் கலப்பதை எவருக்கும் அனுமதிக்கவில்லை. குந்தா, குன்னூர்ப் பக்கத்து ஓடைகள் பவானிக்குப் போகின்றன. மேட்டுப்பாளையம் குடிப்பது பவானித் தண்ணீர். தெளிப்பானைத் தோட்டத்திலேயே கழுவி, அந்தத் தண்ணீரை மருந்து அடித்த பாத்தியிலேயே ஊற்றுங்கள். காலி டப்பாவை உடைத்து, வீடும் ஊற்றும் இல்லாத இடத்தில் புதையுங்கள். கேரட் கழுவிய சேற்றுநீரைக் குழியில் தேக்கி, மண் படிந்த பிறகே வெளியே விடுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: மருந்தின் பெயர், அடித்த தேதி, அளவு, பறித்த தேதி. வியாபாரி கேள்வி எழுப்பினால் எடுத்துக் காட்ட உங்களிடம் இருப்பது அதுதான்.